அண்ணன் பங்காருபேட்டைக்கு ஆடப் போன நாள்

என் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம்தான் பேசுவார்கள். அவன் செத்து இத்தனை வருடம் ஆகியும் அப்படித்தான். போன மாதம்கூட பங்காருபேட்டை ஸ்டேஷனில் ஒருவர், "நீ அந்த சாப்ட்பால்காரன் தங்கச்சிதானே?" என்று கேட்டுவிட்டுத் தானாகச் சிரிக்க ஆரம்பித்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். ஓர் ஆட்டத்தில் அவரை அவுட்டாக்கிவிட்டு, அண்ணன் அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து மீன்குழம்பு ஊற்றினானாம். ஊற்றியவள் நான். அது அவருக்கு ஞாபகமில்லை.

கோலார் தங்கவயலில் எங்களுடையது லைன் வீடு. சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த சின்ன வீடுகள். அப்பா நெஞ்சில் சுரங்கத்துத் தூசி சேர்ந்து செத்துப்போனார். அவருடைய வேலை அண்ணனுக்கு வந்தது. வீட்டில் அம்மா, அண்ணன், நான். மூன்று பேருக்கு வடித்த சோற்றுக்கு அவன் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். வாசலிலேயே நின்று, "இன்னா செஞ்சி வச்சிகீற? வாசன ஆண்டர்சன்பேட்ட வரைக்கும் வருது!" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்டியை வீசுவேன். அதையும் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டு, "பாத்தீங்களா, எங்க டீமுக்கு இன்னொரு பவுலர்" என்று அந்த ஒன்பது பேருக்கும் காட்டுவான்.

சாப்ட்பால் என்றால் அப்போது எங்கள் லைனில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஒருவர் பெங்களூரிலிருந்து இரண்டு மட்டையும் நாலு கையுறையும் கொண்டுவந்தார். பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது. கையை ஒரு முழுச் சுற்று சுற்றிக் கீழிருந்து வீச வேண்டும். கிரிக்கெட் ஆடுகிற பையன்கள், "பொம்பளைங்க ஆட்டம்" என்று கேலி செய்தார்கள். அண்ணன் அவர்களில் நல்ல கையாக ஒருவனைக் கூப்பிட்டு மட்டையைக் கொடுத்து மூன்று பந்து வீசினான். அவன் மூன்றையும் தொடவில்லை. மறுநாள் அவனே டீமில் சேர்ந்துவிட்டான். அப்படித்தான் ஆள் சேர்த்தான் என் அண்ணன். போதாத கையுறைகளைப் பழைய பூட்ஸ் தோலில் செருப்புத் தைக்கிறவர் தைத்துக் கொடுத்தார். சுரங்கத்தில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட்டை வெட்டி, ஓடித் தொடுகிற நாலு மூலைக்கும் போட்டார்கள். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டுக்குப் பக்கத்துப் பொட்டல்தான் மைதானம். காற்று அடித்தால் அந்தச் சாம்பல் மண் கண்ணில் வாயில் எல்லாம் போகும். அவன் அதிலேயும் வாயை மூட மாட்டான். எதிரே மட்டையோடு நிற்கிறவனிடம் பேசிக்கொண்டே இருப்பான், தெலுங்கனிடம் தெலுங்கு, கன்னடத்தானிடம் கன்னடம். "இப்ப மெதுவாத்தான் போடப் போறேன், பயப்படாத" என்று சொல்லிவிட்டு மெதுவாகவே போடுவான். எதிராளி நம்பாமல் அவசரப்பட்டு அவுட்டாவான். ஸ்கோர் எழுதுகிறவள் நான். தோற்றவர்களும் இவன் தோளில் கைபோட்டுக்கொண்டு போவதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னிடம் யாரும் அப்படி வந்ததில்லை. எனக்கு வாய் நீளம். மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவேன் என்று லைனில் எல்லோருக்கும் பயம். நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆட்டத்துக்காக அண்ணன் இருந்த லீவையெல்லாம் தின்று தீர்த்துவிட்டான். இன்னும் ஒரு நாள் ஷிப்டுக்கு வராவிட்டால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று டைம் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று சாமி படத்துக்கு முன்னால் அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அதற்கு அடுத்த வாரம்தான் பங்காருபேட்டையில் பைனல் ஆட்டம் வந்து நின்றது. அன்று அவனுக்குக் காலை ஷிப்ட்.

இங்கே டோக்கனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை உண்டு. அதை விளக்கு அறையில் கொடுத்தால் அதே நம்பர் போட்ட தலைவிளக்கு தருவார்கள். வில்லை அங்கே பலகையில் அவன் ஆணியில் தொங்கும். மேலே வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் வில்லை கைக்கு வரும். ஆகவே ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதற்கு மேல் அத்தாட்சி கிடையாது. கல்யாணம், காரியம் என்று வந்தால் ஓய்வு நாளில் இருக்கிற சிநேகிதன் இவன் டோக்கனில் இறங்கிவிடுவான். தப்புத்தான். ஆனால் வழக்கம். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு.

அண்ணனுக்காக இறங்க ஒப்புக்கொண்டவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர், அவனுக்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். ஆட்டத்துக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்து அண்ணன் வீசுகிற ஒவ்வொரு பந்துக்கும் தன் கையையும் லேசாக ஆட்டிக்கொண்டிருப்பார். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகாததால் எனக்கு அந்த ஒரே ஓர் அண்ணிதான். அப்போது அவள் ஏழு மாதம். ஓய்வு நாளில் புருஷன் சுரங்கத்தில் இறங்குகிறான் என்று தெரிந்தால் விடமாட்டாள். அதனால் பூதிகோட்டையில் சித்தி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். அம்மாவிடம் அண்ணன் ஷிப்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். இரண்டு வீட்டிலும் உண்மை தெரிந்த ஒரே பொம்பளை நான்.

வெறுமனே தெரிந்தவள் மட்டுமில்லை. விடியற்காலையில் டோக்கனை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டுபோய், காபித்தூள் கடன் கேட்கிற மாதிரி எதிர்வீட்டுப் படியேறி அவரிடம் கொடுத்தவள் நான்தான். அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "ஜெயிச்சிட்டு வரச் சொல்லு" என்றார். உள்ளே அண்ணி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். "யாருங்க?" என்றாள். "நான்தான் அண்ணி, சும்மா" என்றேன்.

பத்து மணி இருக்கும். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தரை அதிர்ந்தது.

எங்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் புதிதில்லை. தினமும் வெடி வைப்பார்கள். அது தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். இது அப்படியில்லை. பூமிக்குள் யாரோ ஒரே தள்ளாகத் தள்ளின மாதிரி வீடு மேலே எழும்பி உட்கார்ந்தது. அலமாரியில் இருந்த எவர்சில்வர் குடம் உருண்டு விழுந்தது. ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் தானாக வெடித்துச் சிதறுவதற்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். அம்மா முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "எம்புள்ள!" என்றாள். அவ்வளவுதான், செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். லைன் முழுக்க ஓடியது. ஒருத்திக்கும் எங்கே ஓட வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நானும் ஓடினேன். ஓடும்போது எனக்கு வந்த முதல் நினைப்பைச் சொல்லிவிடுகிறேன். நல்ல வேளை, அண்ணன் உள்ளே இல்லை. அதற்கு அடுத்த நினைப்பு, அப்படியென்றால் உள்ளே இருக்கிறவர் அண்ணியின் புருஷன்.

சுரங்கத்துக்குள் இறங்குகிற சாப்டுக்கு முன்னால் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் ஒவ்வொரு முறை மேலே வந்தபோதும் தூசியில் குளித்த ஆட்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒருத்தி அலறிக்கொண்டு போய் விழுந்தாள். ஒரு மணி நேரத்தில் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. பலகையில் கடைசியாக ஐந்து டோக்கன் தொங்கின. ஒரு கிளார்க் வெளியே வந்து ஐந்து நம்பரையும் ஐந்து பெயரையும் வாசித்தார். மூன்றாவது பெயர் என் அண்ணனுடையது.

அம்மா மண்ணில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி அண்ணி வந்தாள். மூச்சு வாங்கியது. வந்தவள் நேராக அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க அத்த. அண்ணாவுக்கு ஒண்ணியும் ஆவாது. அவரு மூஞ்சிக்கு எமன் கூட சிரிச்சிட்டு வுட்ருவான்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பாரேன், இன்னிக்கின்னு பாத்து எங்க வூட்டுக்காரரு பூதிகோட்டைக்குப் போய்கீறாரு. இருந்திருந்தா இந்நேரம் உள்ள எறங்கி அண்ணாவத் தேடியிருப்பாரு" என்றாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசிக் கேஜில் வந்த ஒருவர் என்னைக் கண்டுவிட்டு ஓரமாக வந்தார். வேறு மட்டத்தில் வேலை செய்கிறவர், ஆனால் காலையில் அதே கேஜில் இறங்கியவர். "உங்கண்ணன் டோக்கன்ல போனது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாயத் தொறக்காத. ரெண்டு பேரு வேலையும் பூடும். அவன் வந்துடுவான். வந்துட்டான்னா ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரிய வாணாம். இன்னா, புரியுதா?" தலையாட்டினேன். அவர் தலையில் முண்டாசைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தாளைக் குறை சொல்லி என்ன? அவர் சொல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவன் வந்துவிடுவான், வந்துவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற கணக்குத்தான் என் மண்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் என்ன ஆகும்? அண்ணன் வேலை போகும். இந்த ஏழு மாதக்காரி இதே மண்ணில் விழுவாள். சொல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் அவர் நடந்து வெளியே வரலாம், அப்போது எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம். இப்படி ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றேன். லைனில் குழாயடியில் ஒரு குடத்துக்காக ஊரைக் கூட்டுகிறவள் நான்!

பதினொன்றரைக்கு அம்மாவுக்குக் கண் செருகியது. பல் கிட்டிப்போய்விட்டது. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். எழுந்தவள் மறுபடி, "என்ன எதுக்கு எழுப்பறீங்க, என்னையும் அதே குழியில போட்டுடுங்க" என்று தலையைத் தரையில் மோதினாள். எனக்குத் தாங்கவில்லை. இவளும் போய்விடுவாள் என்று பயந்துவிட்டேன். குனிந்து, தலைமுடியை ஒதுக்கிவிடுகிற மாதிரி, அவள் காதில் சொன்னேன்.

"அண்ணன் உள்ள இல்லம்மா. பங்காருபேட்டைக்கு ஆடப் போய்கீறான். அவன் டோக்கன்ல எதிர்வூட்டு அண்ணாதான் போய்கீறாரு. சத்தம் போடாத."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. அண்ணி அப்போது தன் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். "அய்யோ பாவி!" என்று ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள், முன்னே அழுததெல்லாம் ஒன்றுமேயில்லை. அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணியும் அழுதாள், என் அண்ணனுக்காக.

அப்புறம் இரண்டரை மணி நேரம். நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி எங்களுக்கு டீ வாங்கிவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். அந்த டீயை நான் குடித்தேன்.

இரண்டு மணிக்குச் சக்கரம் மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றினால் அடிபட்டவன் வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் சேறும் ரத்தமும், தலையில் பெரிய கட்டு, கழுத்து வரைக்கும் கம்பளி. தூக்கி வந்தவர்கள் மீட்புக் குழு ஆட்கள், வேறு சாப்டிலிருந்து வந்தவர்கள். யார் என்று அவர்களுக்குத் தெரியாது. கூடவே வைத்திருந்த தலைவிளக்கின் நம்பரைப் பார்த்து ஒருவர் சத்தமாக என் அண்ணன் பெயரைச் சொன்னார். "உசுரு கீது! வூட்டாளுங்க யாரு? வண்டில ஏறுங்க!"

அம்மா அசையவில்லை. நானும் அசையவில்லை. எங்களை எழுப்பிவிட்டது அண்ணிதான். "இன்னாத்துக்கு நிக்கிறீங்க? உசுரு கீதுன்றாங்க இல்ல? ஓடுங்க!" அம்மாவைத் தள்ளிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினாள். என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். கதவைச் சாத்திவிட்டு, "நான் போயி உங்க வூட்டப் பாத்துக்கறேன், அடுப்பு எரிஞ்சிகினு இருக்கப் போவுது" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

அம்மா முந்தானையை நனைத்து அவர் கண்ணைத் துடைத்தாள். கண் திறந்தது. எங்களைப் பார்த்தார். எங்களுக்கு அப்பால் யாரையோ தேடினார். உதடு அசைந்தது. "அவ எங்க?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினேன். "நிறுத்துங்க! இவரு எங்கண்ணன் இல்ல! இவரு பொஞ்சாதி அங்க கீறாங்க! வண்டியத் திருப்புங்க!" டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்புறம் பேசும்மா" என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அம்மாவை அங்கே விட்டுவிட்டு நான் திரும்ப ஓடினேன். ஒரு மைலுக்கு மேல் ஏற்றம். ஓடிக்கொண்டே, என்ன சொல்லப் போகிறேன், எப்படி ஆரம்பிப்பேன் என்று எனக்குள் பேசிக்கொண்டே போனேன். எனக்கு அந்த வேலையும் இல்லாமல் போய்விட்டது.

சாப்ட் வாசலில் ஒரே ஆரவாரம். ஏர் பிளாஸ்ட் செய்தி கேட்டு அண்ணன் பங்காருபேட்டையிலிருந்து ஒரு லாரியைப் பிடித்து வந்து குதித்திருந்தான். மைதானத்து மண் அப்பிய ஜெர்சியோடு நின்றான். கூட்டம் அவனைப் பார்த்துப் பைத்தியம் பிடித்த மாதிரி கத்திக்கொண்டிருந்தது. யாரோ அவன் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். அடுப்பைப் பார்க்கக் கிளம்பியிருந்த அண்ணி திரும்பி ஓடிவந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "நீங்க மேலதான் கீறீங்களா அண்ணா! அங்க உங்கம்மா செத்துப் பொழச்சாங்க!" என்றாள். அப்புறம் அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டாள்: "அப்போ உங்க டோக்கன்ல எறங்கனது யாரு?"

அண்ணன் சுற்றும்முற்றும் பார்க்கவில்லை. டைம் ஆபீஸ் ஆட்கள் நாலடி தள்ளி நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவள் கையை விடாமல், ஊரே கேட்கும்படி சொன்னான்.

"உங்க வூட்டுக்காரன்மா. நான் ஆடப் போறதுக்காவ எறங்கினான். தப்பு என்னுது."

ஒரே மூச்சு. நான் பத்து மணியிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்ததை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். அவள் கீழே விழவில்லை. நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டே, "எங்க கீறாரு, என்னக் கூட்டிகினு போங்க" என்றாள். அதே லாரியில் ஏற்றினான். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அண்ணன் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். செத்தது யார் என்று அவன் சொன்னால்தான் அண்ணிக்கு நஷ்டஈடு கிடைக்கும். கிடைத்தது. அண்ணன் வேலை போனது. அப்புறம் தினமும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனான். அந்த ரயிலிலும் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் அவனைத் தெரிந்துவிட்டது. ஆனால் மட்டையை மட்டும் தொடவில்லை. ஒரு வருடம் கழித்து அண்ணி இடுப்பில் பெண்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த கையுறையைத் தானே எடுத்து அவன் மடியில் போட்டாள். "நீங்க ஆடறதுக்குத்தானே அவரு போனாரு? ஆடாம உக்காந்திருந்தா எழுந்து வந்துடுவாரா?" என்றாள். அதற்கப்புறம் ஆடினான். அவள் ஆட்டத்துக்கெல்லாம் வந்தாள். புருஷனைப் பற்றி அவள் எதைக் கேட்டாலும் அண்ணன் ஒளிக்காமல் சொல்வான், இல்லாத குறும்பையெல்லாம் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கவும் வைப்பான்.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், காரியம் முடிந்த மறுநாள். "வண்டில அவரு எதனா பேசினாரா?" "நெனவே இல்ல அண்ணி" என்றேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடமும் நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே அவளிடம் போய்ச் சொல்லியிருப்பான்.

சுரங்கத்தை மூடிய வருடம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ரயிலை விடமாட்டேன் என்று பத்து நாள் வேலைக்குப் போனான். பதினைந்தாவது நாள் போய்விட்டான். அவனைப் பார்க்க வந்த கூட்டம் லைனில் நிற்க இடமில்லாமல் மைதானம் வரைக்கும் நின்றது. பங்காருபேட்டையிலிருந்து, நந்திதுர்க்கிலிருந்து, ரயில் சிநேகிதர்கள், அவனிடம் தோற்ற டீம்கள். ஒவ்வொருவனும் ஒரு கதை சொல்லி, அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டான். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. இவர்கள் எல்லோரையும் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இவன் படுத்துக்கொண்டான்.

பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தேன். அண்ணி வந்தாள். அவள் முகமும் வீங்கியிருந்தது. என் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையை எடுக்காமலே பேசினாள்.

"அன்னிக்கு உங்கம்மா மூஞ்சிய இப்பிடித்தான் தொடச்சிகினு இருந்தேன். நீ குனிஞ்சி காதுல இன்னாவோ சொன்ன. அவங்க அழுவறது நின்னுபோச்சி. அப்புறம் என் வயித்தப் பாத்தாங்க. ஆறு வருசமா எனக்கு அதேதான் கண்ணுல நிக்கிது. அண்ணா உசுரோட இருந்த வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். அவரு தாங்க மாட்டாரு. இப்ப சொல்லு. உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும் அண்ணி. டோக்கனக் கொண்ணாந்து குடுத்ததே நான்தான்."

அவள் தலையாட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"வண்டில?" என்றாள்.

முன்பக்கம் யாரோ அண்ணனைப் பற்றிச் சொல்லி, ஒரு கும்பல் அடக்க முடியாமல் சிரித்தது. நான் சொன்னேன்.

"கண்ணத் தொறந்தாரு. 'அவ எங்க?'ன்னு உங்களத்தான் கேட்டாரு."

அண்ணி டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி வாட்டி கேட்டாரு?" என்றாள்.

"ஆஸ்பத்திரி போற வரைக்கும்" என்றேன்.